அண்ணாச்சி பதில்கள்: சுனைக்குப் போறீங்களா?

பள்ளி விடுமுறை என்றால் குற்றாலம்தான் போகவேண்டும் என்று சட்டமா, செம்மணல் மேடான நம்ம தேரிக்காட்டில் இருக்கிற சுனையையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாங்களேன் என்று போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்தப் பக்கத்துக்குப் போதும் போலிருக்கிறது. சினிமாக் கேள்வி, அரசியல் கேள்வி அனுப்பினவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனை சுனைன்னு எழுதினீங்க அண்ணாச்சி, எங்கே இருக்குன்னு சொல்லவே இல்லையே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போய்விட்டு வரமுடியுமா?
*வாசகி, பாளையங்கோட்டை*

தாராளமாக வரலாம். திருச்செந்தூர் பக்கம் மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. செம்மணல் காட்டை ஒட்டி, பனையும் கொல்லாமரமும் உடைமரமுமாக இருக்கிற இடத்தில் சுனை. 1986இல் திருநெல்வேலி மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கமெல்லாம் தூத்துக்குடியோடு போய்விட்டது, ஆனாலும் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா (அய்யனார்தான்) கோயில் தேடிக் கிளம்புகிற நம் ஆட்களுக்கு அந்தக் கோடெல்லாம் கணக்கில் கிடையாது.

அந்தப் பங்குனி உத்திரத்தன்று மட்டும் சுனை பார்க்க என்று போகாதீர்கள். உங்கள் குலதெய்வமே அவர்தான் என்றால் அது வேறு, போய்த்தான் ஆகவேண்டும். மற்றபடி கூட்டத்தில் தண்ணீர் கலங்கி, நீங்கள் பார்ப்பது சுனையாக இருக்காது. சாதாரண நாளில், காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் போங்கள். மாதம் என்று கேட்டால் தை, மாசி. அங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். பெய்தது உள்ளே இறங்கி ஊறி வருகிற காலம் அதற்கப்புறம். ஆனி, ஆடியில் போய்விட்டு ‘அண்ணாச்சி சொன்ன மாதிரி இல்லையே’ என்று எனக்கு எழுதக்கூடாது. பிள்ளைகளுக்குச் செருப்பு கட்டாயம், பதினோரு மணிக்கு மேல் அந்த மணலில் வெறுங்காலை வைக்கமுடியாது. திரும்பும்போது திருச்செந்தூர் நாழிக்கிணறு, நேரமிருந்தால் மணப்பாடு. மூன்றும் தண்ணீர்க் கதைதான்.

சுற்றிலும் பொட்டல் செம்மணல். மழையும் குறைவு. அதற்கு நடுவில் மட்டும் தெளிந்த தண்ணீர் எப்படி வருகிறது? என் வகுப்புப் பையன்கள் கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
*ஆசிரியர், வள்ளியூர்*

சார், மணலுக்கு நடுவில் எப்படித் தண்ணீர் என்று கேட்கிறீர்கள். மணல் இருப்பதால்தான் தண்ணீர் என்று பையன்களிடம் சொல்லுங்கள்.

தேரி என்பது காற்று கொண்டுவந்து குவித்த மணல். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று எப்படி இருக்கும் என்று உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை, வரிசையாகக் காற்றாலை நிற்கிறதே அதே காற்று. மணல் துகளின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. நேற்று முந்தாநாள் சேர்ந்த மணல் இல்லை; கல்லில் சின்னச் சின்னதாகச் செதுக்கிய ஆயுதங்கள் வைத்திருந்த வேட்டைக்கார மனிதர்கள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள், அந்தக் கற்கருவிகளைப் பற்றி சோய்னர், ஆல்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956இலேயே கட்டுரை எழுதிவிட்டார்கள்.

இப்போது மழைக்கு வருவோம். களிமண் நிலத்தில் ஒரு பாட்டம் மழை அடித்தால் பாதி ஓடையாக ஓடிவிடும், மீதி தேங்கி வெயிலில் போய்விடும். தேரியில் ஓடாது, தேங்காது, விழுந்த இடத்திலேயே உள்ளே போய்விடும். கனத்த மழை விட்டு அரை மணி நேரம் கழித்துத் தேரியில் நடந்து பாருங்கள், கால் நனைய ஒரு குட்டை அகப்படாது. இறங்கின தண்ணீர் கீழே களிமண்ணோ, சுண்ணாம்பு இறுகிய கட்டியான அடுக்கோ வரும்வரை இறங்கும். அதற்கு மேல் வழியில்லாமல் பக்கவாட்டில், மணல் மணலாக, மெதுவாக நகரும். எங்கே நிலம் தாழ்ந்து அந்தத் தண்ணீர்மட்டத்தைத் தொடுகிறதோ அங்கே கசிந்து வெளியே வரும். தேரி ஒரு பெரிய மண்பானை, சுனை அதன் அடியில் கசிகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தெளிவும் அந்த மெதுவினால் வருவதுதான். நகர்ந்து வருகிற வழியிலேயே சேறும் தூசியும் மணலில் தங்கிவிடும். உள்ளே வெளிச்சமும் கிடையாது, அதனால் பாசி பிடிக்க வழியில்லை. ஊற்றுக்கண் நன்றாக வேலை செய்கிற இடத்தில் அசையாமல் நின்று குனிந்து பாருங்கள், அடியில் மணல் துகள் பொங்கி எழும்பி மறுபடி அடங்கும். பையன்களை அதைப் பார்க்கச் சொல்லுங்கள், பாடம் தானாகப் புரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தால் நல்லது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மாதிரி மழையில் மேட்டு மணல் எவ்வளவு உள்ளே வாங்கும், அந்த மணலை லாரியில் அள்ளிவிட்டால் அவ்வளவும் எங்கே போகும் என்று யோசிக்கச் சொல்லுங்கள். சுனையைச் சுற்றி நாலு கம்பி வேலியும் டைல்ஸ் படியும் போட்டுவிட்டால் சுனையைக் காப்பாற்றிவிட்டதாக நம் ஆட்கள் நினைக்கிறார்கள். சுனை இருப்பது அந்தப் பத்தடிக் குழியில் இல்லை, மேலே மைல் கணக்கில் கிடக்கிற மணலில் இருக்கிறது. படி போடாவிட்டாலும் தண்ணீர் வரும், மணல் போனால் படி மட்டும்தான் மிச்சம்.

நாழிக்கிணறு கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் தண்ணீர் உப்பாக இல்லை. இது முருகன் செயலா, அறிவியலா? வீட்டில் அப்பாவுக்கும் எனக்கும் சண்டை.
*கல்லூரி மாணவி, திருச்செந்தூர்*

அப்பாவோடு சண்டை போடாதே தாயி. படைவீரர்களின் தாகம் தீர முருகன் வேலால் குத்தி எடுத்த தண்ணீர் என்று அப்பா சொல்வது தலபுராணம். அதில் நான் தலையிடவில்லை. வேல் குத்தின பிறகு தண்ணீர் அங்கேயே எப்படி நிற்கிறது என்பதைத்தான் நான் சொல்லமுடியும்.

நல்ல தண்ணீர் கடல் தண்ணீரைவிட எடை குறைவு. கரையோர மணலுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர், அடியில் இருக்கிற உப்புத் தண்ணீரோடு சட்டென்று கலந்துவிடாமல் அதன் மேல் மிதந்து நிற்கும். எவ்வளவு நிற்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரைக்கும் நல்ல தண்ணீர்தான். நெதர்லாந்துக்காரர் கைபன், ஜெர்மன்காரர் ஹெர்ஸ்பெர்க் என்று இரண்டு பேர், ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாமலே, 100 வருஷத்துக்கும் முன்னால் இந்தக் கணக்கைச் சொன்னார்கள். மணப்பாட்டில் சவேரியார் குகைக்குள் இருக்கிற கிணற்றில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில், குடிக்கிற தண்ணீர் இருப்பதற்கும் இதே காரணம்தான். 1542இல் இந்தக் கரைக்கு வந்தவர் சவேரியார்.

ஆனால் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார். மேலே ஒரு அடியை மோட்டார் வைத்து உறிஞ்சிவிட்டால் கீழே இருந்து 40 அடிக்கு உப்பு ஏறி வரும். உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று தோட்டக்காரர்கள் தலையில் கை வைத்திருப்பது இதனால்தான். இதை அப்பாவிடம் சொல், சண்டை ஓய்ந்து இரண்டு பேருக்கும் ஒரே கவலை வந்துவிடும்.

சுனைத் தண்ணீரில் என் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தேன். நான் கடையில் வாங்குகிற கேன் தண்ணீருக்குப் பக்கத்தில் வருகிறது. அப்படியே குடிக்கலாம்தானே?
*ஐடி ஊழியர், சென்னை (சொந்த ஊர் நாசரேத்)*

குடிக்கக்கூடாது. அந்த மீட்டர் சொல்வது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புக்களின் கணக்கை மட்டும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரைக்கும் விடலாம் என்று இருக்கிறது. சரி, உங்கள் சுனை அதில் தேறிவிட்டது. கிருமிக்கு உங்கள் மீட்டரில் முள்ளே கிடையாதே தம்பி? சுனையைச் சுற்றி ஆடு மேய்கிறது, மனுஷன் குளிக்கிறான், குழந்தைக்குக் கால் கழுவி விடுகிறார்கள், எல்லாம் அந்தக் கண்ணாடித் தண்ணீருக்குள்தான். மணலுக்குள் இருக்கிறவரைக்கும் அது சுத்தம், வெளியே வந்து திறந்து கிடக்க ஆரம்பித்தபிறகு அதுவும் ஒரு குட்டைதான்.

வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோங்கள். கோயில் தீர்த்தம் என்று அம்மா ஒரு பாட்டிலில் பிடித்துவந்தால் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள், தெய்வக் குற்றம் ஒன்றும் வராது. அப்புறம், தண்ணீரில் விளையாடும்போது மூக்குக்குள் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேரளத்தில் 2024இலும் அதற்கு அடுத்த வருஷமும் அமீபா மூளைக்காய்ச்சல் வந்ததைப் படித்திருப்பீர்கள். அது அபூர்வம், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். அது மூக்கு வழியாகத்தான் போகிறது, குடிப்பதால் இல்லை.

சுனையில் சோப்பு, ஷாம்பு போடக்கூடாது என்று போன இதழில் எழுதினீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிக்கலாம் அல்லவா? அது இயற்கைதானே?
*வாசகர், அம்பாசமுத்திரம்*

இயற்கை என்றால் ஆகாது ஒன்றுமே இல்லையா, எட்டிக்காயும் இயற்கைதான். சீயக்காய் நுரைப்பது அதிலுள்ள சப்போனினால். அது மீனின் செவுளைக் கெடுக்கும். தாமிரபரணியில் நீங்கள் தேய்த்துவிட்டால் ஆறு இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சாக்காவது சொல்லலாம் (அதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை). சுனை ஓடுகிற தண்ணீர் இல்லை, நீங்கள் போட்டது அங்கேயே சுற்றும். எண்ணெய்க் குளியலை வீட்டில் முடித்துவிட்டுச் சுனைக்குப் போங்கள். அங்கே மேலில் எதுவும் பூசாமல் சும்மா முங்கி எழுந்தாலே போதும்.

நண்பகலில் குளித்தபோது ஜில்லென்று இருந்த அதே தண்ணீர், மார்கழி விடியற்காலையில் வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் வெந்நீர் ஊற்று ஏதும் இருக்குமோ?
*வாசகர், குரும்பூர்*

இல்லை. தண்ணீர் மாறவில்லை, காற்றுதான் மாறியது. நிலத்தடித் தண்ணீர் அந்த ஊரின் வருஷச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும், நம்ம சமவெளியில் 28, 29 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 டிகிரி வெயிலில் இருந்து இறங்கினால் அது ஜில், மார்கழிப் பனியில் இருந்து இறங்கினால் அது வெதுவெதுப்பு.

என் பையன்களுக்கு நீச்சல் அரைகுறையாகத்தான் தெரியும். சுனையில் அடி மணல் வரைக்கும் தெரிகிறது, ஆழமே இல்லை என்று குதிக்கத் துடிக்கிறார்கள். விடலாமா?
*ஆட்டோ ஓட்டுநர், மேலப்பாளையம்*

விடாதீங்க அண்ணே. இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், எடிட்டர் வெட்டாமல் இருக்கவேண்டும்.

கலங்கின குளத்தில் பையன் பயந்து பயந்து கால் வைப்பான். தெளிந்த தண்ணீர் அந்தப் பயத்தை எடுத்துவிடும், அதுதான் வினை. தண்ணீரிலிருந்து வெளியே வருகிற வெளிச்சம் வளைவதால் அடி மேலே தூக்கிக் காட்டும். நேராகக் குனிந்து பார்த்தாலே எட்டு அடி ஆழம் ஆறு அடியாகத்தான் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் அதைவிடவும் குறைவாகத் தெரியும். நாலு அடிதான் என்று நினைத்து இறங்குகிற பையனுக்கு மூக்குக்கு மேல் தண்ணீர் நிற்கும். இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு: ஆழம் இருக்கிறது என்று தலைகுப்புறக் குதித்து, அடியில் கிடக்கிற கல்லில் கழுத்தை முறித்துக்கொள்வது. நம்ம ஊரில் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள், ஏனென்றால் அவரவர் கிணறு அவரவருக்குப் பழக்கம். சுனை உங்களுக்குப் புதுசு.

ஒரு நீளக் கம்பால் ஆழம் பாருங்கள். இடுப்பளவு இருக்கிற இடத்தில் மட்டும் பையன்களை இறக்குங்கள், நீங்களும் கூட இறங்குங்கள், கரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு காவல் இருக்கமுடியாது. ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்தில் மணல் இளகிக் கிடக்கும், கால் உள்ளே போகும், அங்கே விடாதீர்கள். யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போன செய்தியை நாம் மாதம் தவறாமல் படிக்கிறோம். வேட்டியையோ கயிற்றையோ நீட்டுங்கள், வாயை நன்றாக மூடின காலிப் பிளாஸ்டிக் கேனைத் தூக்கிப் போடுங்கள், அதைப் பிடித்து மிதக்கலாம். எடுத்த ஆளுக்கு மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கிறேன் என்று நேரத்தை வீணாக்காமல் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சை அழுத்தவேண்டும், இன்னொருவர் 108ஐக் கூப்பிடவேண்டும். இந்த முதலுதவியை ஒரு தடவை முறையாகக் கற்றுக்கொண்டு போங்கள், ஆட்டோ ஓட்டுகிறவருக்கு ரோட்டிலும் உதவும்.

களக்காடு தலையணைத் தண்ணீரும் பளிங்கு மாதிரிதானே இருக்கிறது? அதுவும் சுனையா?
*வாசகி, நாங்குநேரி*

இல்லைம்மா, அது பச்சையாறு. மேலே முழுக்கப் புலிகள் காப்பகக் காடு, வயலும் கிடையாது, சாக்கடையும் கிடையாது, பாறை மேல் ஓடிவருகிறது, அதனால் அந்தத் தெளிவு. வித்தியாசம் மழை பெய்யும்போது தெரியும். மலையில் அடிக்கிற மழை உங்கள் தலையில் ஒரு சொட்டு விழாமலே ஆற்றில் வந்து இறங்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளிப் பையனை அடித்துக்கொண்டு போனதை மறந்திருக்கமாட்டீர்கள். சுனையில் அப்படி வராது. ஆகவே மலை பக்கம் வனத்துறைக்காரர் இன்றைக்கு அனுமதி இல்லை என்றால் கெஞ்சிக்கொண்டு நிற்காமல் வண்டியைத் திருப்புங்கள்.

நீங்கள் இப்படி ஊர் பேரோடு எழுதி எழுதித்தான் எல்லா இடமும் நாசமாகிறது. பாபநாசம் போதாதா உங்களுக்கு?
*வாசகர், கல்லிடைக்குறிச்சி*

கோபத்தில் நியாயம் இருக்கிறது. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்தின துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருகிற வழக்கத்தால் மூட்டை மூட்டையாகத் துணி அள்ளுகிறார்கள். பாவத்தை ஆறு கொண்டுபோகிறதோ என்னவோ, பாலியெஸ்டர் வேட்டியைக் கொண்டுபோகாது. ஆனால் நான் பேர் சொன்னவை எல்லாம் கோயில் உள்ள, சாலை உள்ள, ஏற்கெனவே ஊரறிந்த இடங்கள். தோட்டத்துக்குள்ளும் ஓடைக் கரையிலும் இருக்கிற சின்னச் சுனைகள் எனக்கும் நாலைந்து தெரியும். அவற்றை எழுதவில்லை, எழுதமாட்டேன், தனியாகக் கடிதம் போட்டுக் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று, யாருக்கும் தெரியாமல் இருந்தால் தானாகப் பிழைத்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. தாமிரபரணியில் கோடைக்கு மணலைத் தோண்டி ஊற்றுப் பறித்துக் குடம் நிரப்பின காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மணல் போனது சுற்றுலாக்காரர்களாலா? 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போடும் அளவுக்கு அள்ளினார்களே, அவர்கள் யாரும் பத்திரிகை படித்துவிட்டு வந்தவர்கள் இல்லை. பார்த்தவன் நாலு பேர் இருந்தால்தான் காணாமல் போகும்போது கேட்க ஆள் இருக்கும்.

எங்கள் தோட்டத்தில் தாத்தா காலத்து ஊற்றுக்கிணறு. கையால் மொள்ளலாம், அப்படித் தண்ணீர் இருக்கும். இப்போது நான்கு வருஷமாக வறண்டு கிடக்கிறது. இறைக்கிற கிணறு ஊறும் என்பார்களே, தூர் வாரினால் வருமா?
*விவசாயி, திசையன்விளை*

அந்தப் பழமொழி மாடு கட்டி இறைக்கிற கமலை காலத்தில் பிறந்தது. இரண்டு மாடு நாள் முழுக்க இழுத்தாலும் ஊறுகிற அளவுக்குத்தான் இறைக்கமுடியும், மாடும் களைத்துப்போகும். மோட்டாருக்குக் களைப்பு கிடையாதே. முதலில் சுற்றிலும் எத்தனை ஆழ்துளைக் கிணறு வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவை கீழே மட்டத்தை இறக்கிவிட்டால் உங்கள் ஊற்றுக்கண் அந்தரத்தில் நிற்கும், எவ்வளவு தூர் வாரினாலும் சேறுதான் வரும். பக்கத்துத் தோட்டத்திலும் பழைய கிணறு வற்றியிருந்தால் இதுதான் காரணம். அங்கே தண்ணீர் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் கண் அடைத்திருக்கலாம், தூர் வாரிப் பாருங்கள், செலவு வீணாகாது.

எதுவானாலும் கயிற்றில் கல்லைக் கட்டி, மாதம் ஒரு தடவை மட்டம் எவ்வளவு என்று நோட்டில் எழுதிவையுங்கள். ஐப்பசி மழைக்கு எத்தனை அடி ஏறுகிறது, பங்குனிக்கு எத்தனை இறங்குகிறது என்று தெரியாமல் எந்த இன்ஜினியர் வந்தாலும் குத்துமதிப்பாகத்தான் சொல்வார். தோட்டத்து மழைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கிணற்றுக்குள் நேராக விடாதீர்கள், மண்ணும் உரமும் சேர்ந்து போகும். பக்கத்தில் குழி வெட்டி, ஜல்லியும் மணலும் போட்டு அதில் இறக்குங்கள்.

சுனையில் காசு போட்டு வேண்டிக்கொண்டால் நடக்கும் என்கிறார்களே, போடலாமா?
*பள்ளி மாணவி, ஸ்ரீவைகுண்டம்*

செம்புக் காசு போட்ட காலத்தில் தண்ணீருக்கு நல்லது என்றாவது ஒரு சமாதானம் சொன்னார்கள். இப்போது உன் கையில் இருக்கிற ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, தண்ணீரில் கிடந்தாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதைப் பொறுக்க நாலு பையன்கள் இறங்கி அடி மணலைக் கிளறிக் கலக்குவதுதான் நடக்கும். வேண்டுதலைக் கோயில் உண்டியலில் போடு பாப்பா, அய்யனாருக்கு அங்கேயும் காது கேட்கும்.